தார்ப் பாலையில் பல்லியினங்களை அறிதல்

ஜெய்சல்மேருக்கு மேற்கே சாம், தென்மேற்கே குரி ஆகிய கிராமங்களை அடுத்த மணற்குன்றுகளைக் காணச் செல்கிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர், ஒட்டகச் சவாரியும் சூரியாஸ்தமன தரிசனமும் முடிந்தவுடன் பாலைவனத்தைப் பார்த்தாயிற்று என்ற திருப்தியுடன் திரும்பிவிடுகிறார்கள். அதே பிரதேசத்தில் காலை வேளையில் மெல்ல நடந்து, தரையையும் புதரடிகளையும் பொறுமையாகக் கவனித்துக்கொண்டே செல்பவருக்கு அங்கே வேறொரு ஜீவலோகம் புலப்படும். மானும் கழுகும் தொலைவில்தான் தென்படும்; பல்லியினங்களையோ, அசையாமல் உட்காரத் தெரிந்த எவரும் சில கஜ தூரத்திலேயே வைத்துப் பார்த்து, இன்னது என்று நிச்சயிக்க முடியும்.

நிச்சயிப்பது எப்படி? புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் நம்புகிறார்கள். பாலைவனத்தில் அதைப்போல ஏமாற்றுகிற அடையாளம் வேறில்லை. சூரிய உஷ்ணத்தைக் கொண்டே தம் உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டிய இந்தப் பிராணிகளில் பல, விடியலின் குளிரில் கருமை படர்ந்தும், உடல் சூடேறியபின் வெளிறியும் காணப்படுவதால், எட்டு மணிக்குக் கண்ட ஒன்றையே பதினோரு மணிக்கு வேறொன்றென்று எண்ண இடமுண்டு. ஆகவே எத்தகைய தரையில், எந்த வேளையில், என்ன நிலையில் இருந்தது என்பதையே முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். உடும்பு, ஓணான், அரணை, பல்லி ஆகிய நான்கையும் உடல் அமைப்பாலும் ஓட்டத்தாலும் பிரித்தறிய நம் கிராமத்துச் சிறுவர்களுக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. அந்த நான்கு குடும்பங்களும் தார்ப் பாலையில் இருக்கின்றன என்பதால், தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்குப் பாதி வேலை முன்னமே முடிந்துவிடுகிறது.

மணற்குன்றுகளை அடையுமுன் குறுக்கிடும் கெட்டியான சரளைத் தரையில்தான் ராஜஸ்தான மக்கள் சாண்டா என்றழைக்கும் முள்வால் ஓணான் வசிக்கிறது. எலிகளின் வளை வட்டமாயிருக்க, தட்டையான உடலையுடைய சாண்டாவின் வளையோ மேற்புறம் வளைந்தும் அடிப்புறம் தட்டையாகவும் இருக்கும். அத்தகைய வளையொன்றைக் கண்டு, முப்பது தப்படி விலகி, நிழல் அதன்மேல் விழாதபடி அமர்ந்திருந்தால், வெயில் சற்று ஏறியதும் முதலில் மழுங்கிய மூக்கும் தலையும் வெளிவரும். தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருக்க, வெகுநேரம் அப்படியே நிற்கும். பிறகு முன்னங்கால்கள் வெளிவரும். உடலைப் பரப்பி வெயிலை வாங்கிக்கொள்ளும் போதுகூட வால் வளைக்குள்ளேயே கிடக்கும். முழுவதும் வெளிவந்தபின், தொடையின் முன்பக்கத்துக் கரும்புள்ளியும், வால் நெடுகிலும் வரிசை வரிசையாக அமைந்த முட்களும் சந்தேகத்துக்கு இடமின்றி அதை அடையாளம் காட்டிவிடும். 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடிய இப்பிராணி, பெரும்பாலும் புல்லையும் இலையையும் பூவையும் தின்று வாழும் சாதுவான ஜந்து. கானமயிலும் வல்லூறுகளும் இதை இரையாகக் கொள்கின்றன. இதற்கு உள்ள ஆயுதம் அந்த முள்வால் ஒன்றுதான்.

இவ்வளவு சாதுவான உயிரை மனிதர் நடத்தும் விதம் நெஞ்சைப் பதறச் செய்கிறது. இதன் கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் வாதநோயையும் ஆண்மைக்குறைவையும் போக்கும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையால், பிடிபட்ட சாண்டா ஓடிவிடாதிருக்க அதன் முதுகெலும்பை முறித்து, உயிருடனேயே சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை வேட்டையாடுவதைத் தடுத்திருந்தும் அந்த வியாபாரம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. வளை இருக்குமிடத்தை அந்நியரிடம் சொல்லாதிருப்பது பார்வையாளரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

புதர்களின் பக்கம் திரும்பினால், எருக்கஞ்செடியின் உச்சியிலோ வன்னியின் தாழ்ந்த கிளையிலோ தலையை நிமிர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் ஓணான் ஒன்று கண்ணில் படும். அது நம் ஊர் வேலி ஓணானா, பாலைக்கே உரிய ஓணானா என்று அறியக் கழுத்தைப் பார்க்க வேண்டும். வேலி ஓணானுக்குப் பிடரியிலிருந்து முதுகு நெடுக முட்கொண்டை உண்டு. உடலும் பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும். பாலை ஓணானுக்குக் கொண்டையில்லை, உடலும் தட்டை. இனப்பெருக்க காலத்தில் ஆணின் தொண்டையில் பூக்கும் நீலம், அது பயந்த மாத்திரத்தில் மங்கிவிடும்.

மணற்குன்றுகளின்மேல் கால் வைத்ததும் ஜாதிகளே மாறிவிடுகின்றன. அங்கே சரேலென்று ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற மெலிந்த பிராணியின் விரல்களில், மணலில் புதையாமலிருக்கச் செதில்கள் சீப்புப் பல்லைப்போல் வரிசையாக நீண்டிருக்கும். லோங்கேவாலா என்ற எல்லைப்புறத்து ஊரின் பெயரைத் தாங்கிய தேரைத்தலை ஓணான் ஒன்று உண்டு. விஞ்ஞான உலகுக்கு 1978-இல்தான் அது அறிமுகமாயிற்று. உடலைப் பக்கவாட்டில் அதிர வைத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் மணலுக்குள் மறைந்துவிடுவதால், அது ஓடிய திசையை விட மறைந்த இடத்தையே குறித்துக்கொள்ள வேண்டும். மணலுக்குள்ளேயே நீந்திச் செல்லும் அரணையோ கண்ணில் படுவது அபூர்வம். காற்று எழுமுன் குன்றின் சரிவில் காணப்படும் நெளிநெளியான வரிதான் அதன் கையெழுத்து.

உடும்பில் இருவகை உண்டு. வால் பக்கவாட்டில் தட்டையாயிருந்தால் அது தமிழ்நாட்டிலும் உள்ள உடும்பு. வால் உருண்டு, நாசித்துவாரம் கண்ணை நெருங்கிய சாய்ந்த கீற்றாக இருந்தால் அது பாலை உடும்பு.

டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிர்ச்சியை விரும்பிச் செல்பவர்களுக்கு இவற்றில் பல கிடைக்கமாட்டா. சாண்டா தன் வளைவாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உறங்கும் காலம் அது, பாலை உடும்பும் அப்படியே. கோடையின் நடுப்பகலிலோ மணலின் சூடு தாங்காமல் எல்லாம் ஒளிந்துகொள்ளும். மார்ச் மாதத்திலும், மழை ஓய்ந்த செப்டம்பரிலும், காலை எட்டு மணிக்குமேல் புறப்படுவதே உசிதம்.