ஒரே எழுத்து, எத்தனை வேலை!

"இந்தக் கதையை எழுதியது கி.ரா.வா, கி.வா.ஜ.வா?"

புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது உண்டு. இருவருக்கும் முதல் எழுத்து "கி". ஆனால் இருவரும் நடந்த பாதை வேறு.

கி.ரா. என்பவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டி அருகே இடைசெவல் கிராமத்து விவசாயி. கரிசல் காட்டு மக்களின் பேச்சை அப்படியே கதையில் கொண்டு வந்தவர். "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார்.

கி.வா.ஜ. என்பவர் கி.வா. ஜகந்நாதன். "தமிழ்த் தாத்தா" உ.வே.சாமிநாதையரின் மாணவர், "கலைமகள்" ஆசிரியர். சிலேடைப் பேச்சில் மன்னர்! "வீரர் உலகம்" நூலுக்கு 1967-ல் அதே பரிசு கிடைத்தது.

இன்னும் குழப்பம் தருகிறவர்கள் தி.ஜா.வும் தி.ஜ.ர.வும். "மோகமுள்" எழுதிய தி. ஜானகிராமன்தான் தி.ஜா. "மஞ்சரி" பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ரங்கநாதன், தி.ஜ.ர.

அளவிலும் இதே கதை

கி.மீ. என்றால் கிலோ மீட்டர். இங்கே "கி" என்பது கிலோ. மி.கி. என்றால் மில்லி கிராம். இங்கே அதே "கி" கிராம் ஆகிவிடுகிறது! கி.கி.யில் முதல் "கி" கிலோ, அடுத்தது கிராம். கி.மு.விலோ அது கிறிஸ்து!

மழை அளவைச் சொல்லும் மி.மீ.யைப் பாருங்கள். குறில் "மி" மில்லி. நெடில் "மீ" மீட்டர்.

மருந்தில் கவனம்!

எழுத்தாளர் மாறிப் போனால் நஷ்டம் இல்லை. இன்னொரு நல்ல புத்தகம் கைக்கு வரும். ஆனால் குழந்தையின் மருந்தில் மி.லி.யும் மி.கி.யும் மாறினால் ஆபத்து.

மி.லி. என்பது ஊற்றிக் கொடுக்கும் திரவத்தின் அளவு. மி.கி. என்பது அதில் அடங்கிய மருந்தின் எடை. இரண்டும் ஒன்றல்ல.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் திரவத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வகைப் புட்டியில் 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்து இருக்கும். இன்னொரு வகையில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும். புட்டி மாறியது தெரியாமல் பழைய அளவிலேயே ஊற்றினால், குழந்தையின் வயிற்றுக்குள் போவது இரண்டு மடங்கு மருந்து!

ஆகவே, புட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படிக்காமல் மருந்து கொடுக்காதீர்கள். எத்தனை மி.லி. கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம்; புட்டியோடு வரும் அளவு மூடியில் அளந்து ஊற்றுங்கள்.

சுருக்கி எழுதுவது எழுதுகிறவருக்குச் சௌகரியம். விரித்துப் படிப்பதுதான் படிக்கிறவருக்குப் பாதுகாப்பு.