தாயின் வேலையும் பிள்ளையின் மனமும்

2015ஆம் ஆண்டில் கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் ஒரு தாயிடம் நான் கேட்ட கேள்வியை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். போரில் கணவரை இழந்தவர் அவர். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வந்தார். எட்டு வயது மகன் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அறிந்து வீடு தேடிப் போனேன். “பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போறீங்களே அக்கா, இந்த வேலையை விட ஏலாதோ?” என்றேன்.

“விட்டால் சோத்துக்கு என்ன செய்யிறது மிஸ்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த இரண்டு மாதமும் அவர் எங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. உதவப் போன நான், அவருடைய சுமையோடு குற்றவுணர்வு ஒன்றையும் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

தாய் வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஊர் சொல்லும். போகாவிட்டால் சும்மா இருக்கிறாள் என்று சொல்வதும் அதே ஊர்தான்.

சமூகவியல் படித்த காலத்தில் வாசித்த ஓர் ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. ஜோர்ஜ் பிரவுண், டிரில் ஹரிஸ் என்ற இருவர் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் நடத்தி 1978இல் வெளியிட்டது. துன்பம் நேரும்போது பெண்களை மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாக்கும் நான்கு நிலைமைகளை அவர்கள் கண்டார்கள். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாமை, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலிருத்தல், 11 வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல், வீட்டுக்கு வெளியே வேலை இல்லாமை. நான்காவதைக் கவனியுங்கள். வேலை மனதுக்கு ஒரு காவலாகவும் இருக்கக்கூடும்.

ஆனால் எல்லா வேலையும் அப்படியல்ல. போகும் நேரமும் வரும் நேரமும் தெரிந்து, சம்பளம் தன் கையில் தங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு கேட்க முடிந்தால் அந்த வேலை தாயை நிமிர்த்தும். இருட்டில் பஸ் ஏறி, டார்கெட் முடியாமல் பேச்சு வாங்கி, இருட்டில் திரும்பி, சம்பளத்தை நுண்கடன் தவணைக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் தாய், சிறு தவறுக்கும் பிள்ளை மீது எரிந்து விழுவார். அது பாசக் குறைவல்ல, களைப்பு. ஆனால் பிள்ளைக்கு அம்மாவின் கோபம்தான் தெரியும், டார்கெட் தெரியாது.

மூன்றாம் மாதம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவருக்கு பஸ் காலை ஐந்தரைக்கு. மகள் தூரத்துப் பாடசாலைக்கு ஆறு மணிக்கே புறப்பட்டுவிடுவாள். மகனின் பாடசாலை தொடங்குவது ஏழரைக்கு. இடையில் அவன் தனிய. பயத்தில் போர்வைக்குள் புகுந்து அப்படியே தூங்கிவிடுவான்.

பிரச்சினை தாயின் வேலையல்ல, அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். பக்கத்து வளவு அம்மம்மாவிடம் பேசினோம். தொழிற்சாலைக்குப் போகும் மூன்று தாய்மாரின் பிள்ளைகள் அவர் முற்றத்தில் கூடி, ஒன்றாகப் பாடசாலைக்கு நடந்தார்கள். தாய்மார் முறைவைத்து அவருக்கு அரிசியும் தேங்காயும் கொடுத்தார்கள். “இப்ப வேலை செய்யேக்க நெஞ்சு பதறேல்ல மிஸ்” என்றார் அந்தத் தாய். கூட்டத்துக்கும் வரத் தொடங்கினார்.

சகோதரிகளே, வேலைக்குப் போவதற்காக உங்களையே குற்றம் சொல்லாதீர்கள். எந்த மணித்தியாலம் உங்களை வருத்துகிறது என்று பாருங்கள். அதை மாதர் சங்கத்திலோ அயலிலோ வாய்விட்டுச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் பத்து நிமிடமாவது பிள்ளையை அருகில் இருத்தி அன்றைய கதையைக் கேளுங்கள். சமையல் அதுவரை பொறுக்கும்.

உரிமைகளையும் அறிந்திருங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு 9 மணித்தியால வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும்.

தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாத நிலை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அப்படிப் போவது பிள்ளைக்காகவும் செய்யும் காரியமே.