சந்தை பேசும் ஆங்கிலம் – 9: பில்லில் ஒரு தேதி

பாவாடை, ஃபிராக், சட்டை, நைட்டி என்று புதியம்புத்தூரில் தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடுகிறது. தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், மழையை நம்பிக் கிடக்கும் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரை வியாபாரிகள் 'குட்டித் திருப்பூர்' என்கிறார்கள். சூரத், அகமதாபாத் பக்கமிருந்து துணி வருகிறது. தைத்த உருப்படி தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் கேரளத்துக்கும் போகிறது.

தையல் கூடத்துப் பேச்சில் பாதி ஆங்கிலம்தான். கட்டிங் மாஸ்டர் லேயர் போட்டு வெட்ட, ஓவர்லாக், காஜா, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று உருப்படி கை மாறுகிறது. கூலி பீஸ் ரேட். துணி இன்னொருவருடையது, தையல் மட்டும் இவர்களுடையது என்றால் ஜாப் ஒர்க். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் தடுமாறியவர்கூட இந்தச் சொற்களில் தடுமாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேலையும் ஒரு ரூபாய்க் கணக்கும் இருக்கின்றன.

சரக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் சொற்கள் வழுக்குகின்றன. கிரெடிட் என்றால் எத்தனை நாள்? ரிட்டர்ன் என்றால் எதுவரைக்கும்? "பண்டிகை முடியட்டும், பேமென்ட் போட்டுரலாம்" என்ற வாய்ப்பேச்சோடு பல வியாபாரம் முடிந்துவிடுகிறது. இதற்கிடையில் தைத்தவர் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். நூலுக்கும் கரன்ட்டுக்கும் வாங்கிய கடனுக்கும் பணம் கட்டியாக வேண்டும். வாங்கிய கடையின் முதலுக்கு, விற்ற சின்னத் தொழிற்கூடம் வட்டி கட்டுகிறது. இது நியாயமே இல்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் 2006இல் வந்தது. குறு, சிறு தொழிற்கூடத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி.

ரிட்டர்னுக்கும் இதே சட்டத்தில் ஒரு கடிவாளம் உண்டு. சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறை இருப்பதாக எழுத்தில் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. கெடு அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். போனில் முணுமுணுத்தது எழுத்தாகாது.

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு முடிச்சுப் போட்டது. அப்போது 43பி(எச்) என்ற பிரிவாகச் சேர்ந்த அந்த விதியின்படி, கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுத்து முடிக்கிற வருஷத்தில்தான் வாங்கியவர் செலவுக் கணக்கில் காட்ட முடியும். பாக்கி வைத்தால் வரி கூடும் என்பதால், ஆடிட்டர்களே பாக்கிப் பட்டியலைக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை. துணியை வெட்டித் தைக்கும் புதியம்புத்தூர்க்காரர் தயாரிப்பாளர். ஜாப் ஒர்க் செய்பவரும் உள்ளே வருகிறார்.

கம்பெனிச் சட்டத்து ஆங்கிலம் இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை வக்கீல். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு ஷேர் 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர்கள். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்க்க, வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தையே அவர் கையில் எடுத்தார்.

தைப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 'உத்யம்' பதிவைக் கட்டணமில்லாமல் இணையத்திலேயே முடிக்கலாம். சரக்கு அனுப்பும் முன்பே அதை முடித்துவிட்டு, இன்வாய்ஸில் உத்யம் எண்ணையும் 'டியூ டேட்' என்று போட்டு நாளையும் அச்சடித்துவிடுங்கள். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வரும் தீபாவளிச் சரக்குக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

(தொடரும்)