உஷார்! ஆடி வெள்ளத்தைப் பார்த்துக் கணக்கை மூடிவிடாதீர்கள்

"காவிரியில் கர்நாடகம் தர வேண்டியதற்கு மேலேயே தந்துவிட்டதாமே! இன்னும் என்ன சண்டை?" ஆடிப்பெருக்கு நேரத்தில் அம்மா மண்டபப் படித்துறையில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால், திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்களே, உஷார்! நம் வழக்கை நம் வாயாலேயே தோற்கடிக்கிற பேச்சு அது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜூனில் தொடங்கி மே மாதம் முடியும் நீராண்டுக்குள் மாநில எல்லையில் அளவெடுக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் சொன்ன 192-ல் 14.75 போய்விட்டது. இந்த ஆண்டு மொத்தத்தைத்தான் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் மாதக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76, அக்டோபருக்கு 20.22, நவம்பருக்கு 13.78, டிசம்பருக்கு 7.35, ஜனவரிக்கு 2.76, அதன் பிறகு மே வரை மாதம் 2.5. நாற்று விடுவதும் நடவு செய்வதும் கதிர் பிடிப்பதும் இந்த மாதக் கணக்கை நம்பித்தான்.

கர்நாடகத்தின் கபினி அணையும் கிருஷ்ணராஜசாகர் அணையும் நிரம்பி வழிந்தால், மேலே இருப்பவர்கள் நினைத்தாலும் பிடித்து வைக்க முடியாத தண்ணீர் கீழே வந்துதான் தீரும். பிலிகுண்டுலுவில் அதுவும் நம் வரவாக ஏறுகிறது. ஆனால் மேட்டூர் கொள்வது 93.47 டிஎம்சிதான். அதுவும் நிரம்பிவிட்டால்? மிச்சமெல்லாம் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் திருப்பப்பட்டுக் கடலுக்குப் போகிறது. மாதாமாதம் தர வேண்டிய ரேஷன் அரிசியை ஒரே நாளில் தெருவில் கொட்டிவிட்டு, கார்டில் வருஷத்துக்கும் சேர்த்து "வழங்கப்பட்டது" என்று முத்திரை குத்தினால் சும்மா இருப்போமா?

2018-ஐ மறக்க முடியுமா? ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது. கொள்ளிடத்தில் அப்படிப் பாய்ந்து கடலுக்குப் போன தண்ணீரும் பிலிகுண்டுலு ஏட்டில் நம் வரவுதான்.

அடுத்த பொறி, கன அடி. "நொடிக்கு 5,000 கன அடி திறக்க உத்தரவு" என்று டிவியில் ஓடினால் பெரிதாகத்தான் தெரியும். நொடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் 1 டிஎம்சி. 2023-ல் காவிரி மேலாண்மை ஆணையம் 15 நாளைக்கு 5,000 கன அடி என்று உத்தரவிட்டது. பெருக்கிப் பாருங்கள், 6.5 டிஎம்சிகூட வராது. செப்டம்பர் பங்கு முழுதாக வர வேண்டுமானால் நொடிக்கு 14,000 கன அடிக்கு மேல் மாதம் முழுக்க ஓட வேண்டும். அந்த வருஷம் கர்நாடகத்திலும் மழை குறைவு, நியாயமாகப் பார்த்தால் முழுப் பங்கும் கேட்க முடியாதுதான். ஆனால் எவ்வளவு குறைத்துக்கொள்வது? பற்றாக்குறை வந்தால் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் மன்றம் சொன்னது. அந்த விகிதத்தை எந்த மழையை, எந்த அணை இருப்பை வைத்துப் போடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் அடிதடி. நல்ல மழைக் காலத்தில் உட்கார்ந்து இதை முடித்திருக்க வேண்டும். அணை நிரம்பினால் இரண்டு பக்கமும் தூங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிலிகுண்டுலுவுக்குச் சற்று மேலே மேக்கேதாட்டுவில் 67.16 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்ட கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. பெங்களூருவின் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் என்கிறார்கள். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளுக்குக் கீழே பெய்கிற மழை இன்றைக்குப் பெரிய தடை இல்லாமல் நம்மிடம் வந்து சேருகிறது. மேக்கேதாட்டு வந்துவிட்டால் அதற்கும் கதவு, அந்தக் கதவுக்கும் ஒரு சாவி.

நம் பக்கம் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று காட்டித்தான் நம் பங்கில் 10 டிஎம்சியைக் கழித்தது நீதிமன்றம். அந்த நிலத்தடி நீருக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று கொள்ளிடத்து மணல். அதை லாரி லாரியாக அள்ளவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் நாம்.

ஆகவே, அடுத்த முறை எந்தக் கட்சிக்காரர் எந்த எண்ணைச் சொன்னாலும், "எந்த மாதத்துக் கணக்கு? எத்தனை டிஎம்சி?" என்று கேளுங்கள். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள்: இந்த மாதம் வர வேண்டியது, வந்தது, கொள்ளிடத்தில் விட்டது, இந்த மூன்று எண்ணையும் முக்கொம்பில் பலகை வைத்து எழுதச் சொல்லுங்கள். ஆடியிலேயே கேளுங்கள். ஐப்பசியில் கேட்டால் சம்பாவுக்கு உதவாது.