கல்லில் தெரியும் மூட்டுவலி

பட்டர்வொர்த் படகு வந்து நின்றதும் ஜோர்ஜ்டவுன் துறையில் ஒரு காட்சியை நான் அடிக்கடி பார்க்கிறேன். இளையவர்கள் விறுவிறுவென இறங்கிப் போய்விடுவார்கள். தாத்தா பாட்டிகள் முட்டியைப் பிடித்தபடி மெல்ல வருவார்கள். மூட்டுத் தேய்மானம் மனிதருக்கு மட்டுமா? அடியோடு அழிந்துபோன விலங்குகளுக்கும் இருந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எலும்பைப் பார்த்து நோயறிவது பினாங்குக்குப் புதிதல்ல. 1991இல் லெங்கோங் பள்ளத்தாக்கில் 'பேராக் மனிதன்' எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தவர்கள் இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர்தாம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவருக்குக் கையில் பிறவிக் குறைபாடு இருந்ததை விரலெலும்புகளே காட்டிக்கொடுத்தன.

டைனோசர் காலம் அதைவிட எத்தனையோ ஆயிரம் மடங்கு பழையது. மூட்டில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு பெரும்பாலும் மக்கிவிடும். ஆனால் அது உயிரோடிருந்த காலத்திலேயே தேய்ந்திருந்தால், எலும்போடு எலும்பு உரசிப் பளபளப்பாகியிருக்கும். ஓரங்களில் முள்போல் புது எலும்பு வளர்ந்திருக்கும். அந்தத் தடயம் கல்லான பிறகும் நிற்கிறது. நம் நாட்டில் 2012இல் பகாங்கில் கிடைத்த டைனோசர் புதைபடிவமோ ஒரு பல். பல்லை வைத்து மூட்டைப் பற்றி என்ன சொல்வது!

பெல்ஜியத்தில் 1878இல் நிலக்கரிச் சுரங்கத்தில் கூட்டமாகக் கிடைத்த இகுவானோடான்களில் சிலவற்றின் கணுக்காலில் தேய்மானம் தெரிகிறது. மற்றபடி, டன் கணக்கில் எடையுள்ள டைனோசர்களிடம் இந்நோய் அரிது. எடை கூடினால் முட்டி தேயும் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என்னை மிகவும் பாதித்தது டைனோசர் அல்ல, பிளையோசர் என்னும் கடல் ஊர்வன. 1994இல் இங்கிலாந்தின் வெஸ்ட்பரியில் கிடைத்த அதன் எலும்புக்கூடு, நம்மைப்போலவே துறைமுக நகரமான பிரிஸ்டலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது 15 கோடி ஆண்டு. நீளம் 8 மீட்டர். முதிர்ந்த பெண் என்று கருதப்படுகிறது. 2012இல் வெளியான ஆய்வின்படி, அதன் இடப்பக்கத் தாடை மூட்டில் வாதம்போன்ற நோய் இருந்தது. மூட்டு தேயத் தேயக் கீழ்த்தாடை ஒருபக்கம் கோணிவிட்டது. வாயை மூடும்போதெல்லாம் மேல்பற்கள் கீழ்த்தாடை எலும்பிலேயே குத்தின. அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன. ஒருநாள் கடித்து வந்த குழிகள் அல்ல அவை; பல ஆண்டுகள் அந்தக் கோணல் வாயோடு அது வேட்டையாடித் தின்றிருக்கிறது.

தாடையில் ஒரு முறிவும் உண்டு. நோயால் பலவீனப்பட்ட பக்கம் கடைசியில் உடைந்திருக்கலாம். அந்த முறிவில் ஆறிய அடையாளமே இல்லை. அதற்குப் பிறகு அதனால் இரை பிடிக்க முடிந்திருக்காது.