முறுக்குவிசையும் குதிரைத்திறனும்

முறுக்குவிசை என்பது ஒரு தண்டைச் சுழற்றும் விசையின் திருப்புதிறன் ஆகும். குதிரைத்திறன் என்பது வேலை செய்யப்படும் வீதத்தை அளக்கும் அலகு ஆகும். 1 குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கத் திறன் கிடைக்கும்.

சவ்வாது மலையடிவாரத்திலுள்ள கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் கிணற்றுப் பாசனத்திற்குப் பம்புகள் பயன்படுகின்றன. 5 குதிரைத்திறன் மின்னோடி (மோட்டார்), நிமிடத்திற்கு 1440 சுற்றுகளில் 24.7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். 2880 சுற்றுகளில் 12.4 மட்டுமே தரும். மையவிலக்குப் பம்பை இருமடங்கு வேகத்தில் சுழற்ற ஏறத்தாழ 4 மடங்கு முறுக்குவிசையும் 8 மடங்கு திறனும் தேவை. ஆகையால், 1440 சுற்றுப் பம்புடன் அதே குதிரைத்திறனுடைய 2880 சுற்று மின்னோடியை நேரடியாக இணைத்தால், மிகைச்சுமையால் கம்பிச்சுருள் எரிந்துபோகக்கூடும். மின்னோடியை மாற்றும்போது குதிரைத்திறனுடன் சுற்றுவேகமும் பம்புக்குப் பொருந்துதல் வேண்டும்.