கீரைச்சாறு பிழிய எந்த இயந்திரம்?

டில்லிக் குளிர்காலத்தில் பாலக்கும் கொத்தமல்லியும் மலிந்து கிடக்கும். பச்சைச் சாறு குடிக்கவென்று ‘ஸ்லோ ஜூஸர்’ வாங்க நினைப்போர் முதலில் அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும்.

மிக்ஸி நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்று சுழன்று அரைக்கிறது. ஸ்லோ ஜூஸரோ பெரும்பாலும் 100 சுற்றுக்குள், திருகு உருளையால் நசுக்கிப் பிழிகிறது. நுரை குறைவு, சக்கையும் உலர்ந்து வரும்.

உருளை நின்றவாக்கில் இருப்பவை பழங்களுக்கு ஏற்றவை. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கீரைத்தண்டின் நார் உருளையில் சுற்றிக்கொள்ளும். பொடியாக நறுக்கிப் போட வேண்டும். படுத்தவாக்கில் இருப்பவை இலைகளிலிருந்து கூடுதல் சாறு தரும். வாய் குறுகலானதால் நேரம் பிடிக்கும். எதுவானாலும் சல்லடையை உடனே கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

எதில் பிழிந்தாலும் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். பாலக்கில் ஆக்ஸலேட் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதன் சாற்றைத் தவிர்ப்பது நலம். கீரையிலுள்ள ‘கே’ வைட்டமின், இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தின் பலனைக் குறைக்கும். அம்மருந்தை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தினமும் கீரைச்சாறு என்றால் படுத்தவாக்கு இயந்திரம் வாங்கலாம். எப்போதாவது குடிப்பவர்களுக்கு வீட்டு மிக்ஸியும் ஒரு மெல்லிய துணியுமே போதும்.